ஒரு துணைக்கால் குறைந்த சீட்டு

கல்லூரியின் நிர்வாகக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில், சாய்ந்த கூரையுடன் ஓர் அறை இருக்கிறது. வாயிலில் ‘கணினி வலையமைப்புப் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. மாணவர் முதல் முதல்வர் வரை அனைவருக்கும் அது குழாயடிதான். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் இடத்தின் பெயர் ஒரு கணினி அறைக்கு வந்துசேர்ந்ததற்கு, அந்த அறையை ஆளும் பெண்மணியே காரணம். இணையம் ஏன் இப்படி ஊர்கிறது என்று முன்பொரு முதல்வர் கேட்டபோது, “ஒரே குழாய் சார், ஆயிரத்து நானூறு குடம்” என்று அவர் பதில் சொல்லியிருந்தார். அன்றே அறை குழாயடி ஆயிற்று. அவர் குழாயடி அக்கா ஆனார்.

அவர் அந்தப் பணிக்குப் படித்து வந்தவர் அல்லர். இருபத்து நான்கு வயதில் தேர்வுப் பிரிவில் தட்டச்சராகச் சேர்ந்தார். வளாகத்துக்கு முதன்முதலில் கம்பி இழுக்க வந்த வெளியூர்த் தொழில்நுட்பக்காரர், உணவு இடைவேளையில் கருவிகளைத் தரையில் பரப்பிவிட்டுப் போவார். அந்த ஒரு மணி நேரத்தில் எட்டு நிறக் கம்பிகளை எந்த வரிசையில் அடுக்கி எப்படிக் கவ்வ வேண்டும் என்று இவர் கற்றுக்கொண்டார். பிறகு அந்தத் தொழில்நுட்பக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். கம்பிகள் அறுந்துபோவதை நிறுத்தவில்லை. தட்டச்சர் முழங்காலிட்டு மேசைகளுக்கு அடியில் தவழத் தொடங்கினார். இன்றைக்கும் அவருடைய கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் கம்பி கவ்வும் இடுக்கி இருக்கும்.

பதினேழு ஆண்டுகளில் குழாய் பத்து மடங்கு பெரிதாயிற்று. குடங்களோ நூறு மடங்கு பெருகின. ஆளுக்கொரு கணினி, ஆளுக்கிரண்டு கைப்பேசி. சிலர் மணிக்கட்டிலும் ஒன்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வளாகம் ஒரு மலைச்சரிவின் மடியில் கிடப்பதால் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டிப் பார்ப்பதோடு சரி. எனவே பாடமானாலும் பொழுதுபோக்கானாலும் அனைவரும் அந்த ஒரே குழாயில்தான் வாய் வைத்தாக வேண்டும். வேகம் குறைந்த நாள்களில் அவர்கள் நேராகக் குழாயடிக்கு வந்து அக்காவின் உயிரை வாங்குவார்கள். ஒவ்வொருவரும் தாம் ஒன்றுமே பயன்படுத்துவதில்லை என்றும், அடுத்த துறைக்காரர்தான் கொள்ளையடிக்கிறார் என்றும் சொல்வார்கள். வேதியியல் துறை இயற்பியலைச் சொல்லும். இயற்பியல் துறை விடுதியைச் சொல்லும். விடுதிக்காரர்கள் பேராசிரியர் குடியிருப்பைச் சொல்வார்கள். எல்லாருடைய கணக்கும் அக்காவின் திரையில் கோடுகோடாகத் தெரியும். ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, “பார்க்கிறேன்” என்பார்.

அவருடைய கணவர் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். தம்மிடம் வருபவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பதால் பேச முடியாது என்றும், அந்தப் பாக்கியம் மனைவிக்கு வாய்க்கவில்லையே என்றும் அவர் வருந்துவதுண்டு. பதின்மூன்று வயது மகளுக்கோ வேறு குறை. குடியிருப்பிலேயே அவர்கள் வீட்டுக்குத்தான் இணையம் மிகக் குறைவு. மற்றவர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று தாயார் தம் வீட்டின் பங்கைத் தாமே நறுக்கி வைத்திருந்தார். வீட்டில் நான்காவது ஆள் கணவருடைய அக்கா. கணவரை இழந்தவர், ஒரே மகன் கடல் கடந்து வேலை பார்க்கிறான்.

முறையீடுகளைச் சமாளிக்க அக்கா வகுத்த ஏற்பாடுதான் சீட்டு. எந்த இணைப்பும் இரண்டு மணி நேரம் ஆனதும் தானாக அறுந்துவிடும்; ஒருவரே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இருக்க அப்படி ஒரு விதி. அதற்கு மேல் வேண்டுவோர் சுவரிலுள்ள பெட்டியில் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். துறை, அளவு, காரணம் என்று அதில் கட்டங்கள் உண்டு. காகிதத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் காரணக் கட்டத்தை அக்கா இரண்டு விரல் அகலத்துக்கே அமைத்திருந்தார். ஓரிரு சொல்லுக்கு மேல் அதில் அடங்காது. காலையில் பெட்டியைத் திறந்து, நியாயமானவற்றுக்கு முத்திரை குத்துவார். மற்றவற்றில் சிவப்பு மையால் ‘மறுப்பு’ என்று எழுதித் துறைக்குத் திருப்பி அனுப்புவார்.

சென்ற ஆண்டு விடுதி மாணவர்கள் திரைப்படங்களை இறக்கி இறக்கிக் குழாயை அடைத்துவிட்டார்கள். தேர்வு விண்ணப்பங்கள் போய்ச் சேரவில்லை. அக்கா தலையால் தண்ணீர் குடித்தும் நிலைமை சீராகவில்லை. பொறுமையிழந்து ஓர் அறிவிப்பை எழுதி எல்லாத் துறைகளிலும் ஒட்டினார்: ‘படம் எனக் காரணம் காட்டும் சீட்டுகள் ஏற்கப்படமாட்டா.’

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. பிழை அந்த முதற்சொல்லில் இருந்தது. திரைப்படம், புகைப்படம், வரைபடம், நிலப்படம் எல்லாவற்றையும் தலையை வெட்டிப் ‘படம்’ என்றே சொல்லிப் பழகிவிட்ட சோம்பல் நம் அனைவருக்கும் உண்டு. அக்காவின் மனத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரே பொருள்தான் இருந்தது. அது ஓர் ஆண்டுக் காலத் தொல்லையால் வந்த பொருள்.

அறிவிப்புக்குப் பின் விடுதியிலிருந்து ‘படம்’ என்ற சீட்டுகள் வருவது அறவே நின்றது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆயினும் குழாய் மட்டும் முன்போலவே அடைத்துக் கிடந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் போலும் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். ஏனெனில் விடுதிச் சீட்டுகள் எல்லாவற்றிலும் ‘பாடம்’ என்று எழுதியிருந்தது. ஆறு மாதங்களாக ‘பாடம்’ என்ற சீட்டு ஒன்றைக்கூட மறுக்காமல் அவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலையில், பெண்கள் விடுதியின் இணைப்புப் பெட்டி அணைந்துபோயிற்று என்று தகவல் வந்தது. அக்கா இடுக்கியோடு போனார். பொதுக் கூடத்தில் வகுப்பில்லாத மாணவிகள் ஏழெட்டுப் பேர் ஒரு கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில், முன்னமே இறக்கி வைத்த ஒரு படத்தில், கதாநாயகன் ஓடும் லாரியிலிருந்து மற்றொரு லாரிக்குத் தாவிக்கொண்டிருந்தான். கணினிக்கு அடியில், முதல் நாள் அக்கா தம் கையாலேயே முத்திரை குத்திய சீட்டு செருகப்பட்டிருந்தது. காரணம்: பாடம்.

உயரமான மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இது எந்தப் பாடம் என்று அக்கா கேட்டார். அவள் மறைக்க முயலவில்லை.

“எல்லாருக்கும் தெரியும்க்கா. ஒரு துணைக்கால் சேத்துப் போட்டா சீல் விழும். இத்தனை நாளும் நீங்களும் தெரிஞ்சேதான் விடுறீங்கன்னு நினைச்சோம்.”

“தெரிஞ்சா?”

“பின்ன? ‘படம் படிக்கிறோம், பாடம் பாக்கிறோம்’னு ஹாஸ்டல் பூரா பேச்சுக்கா. படம் பாக்குறவங்க யாராவது ‘படம்’னு எழுதுவாங்களா?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு சொல் கேட்க வேண்டும் என்றுதான் அக்கா வாயைத் திறந்தார். ஆனால் மாணவியின் கடைசிக் கேள்வி அவரைத் தடுத்துவிட்டது. ‘படம்’ என்று எழுதியவர் ஒருவர் இருந்தார். ஒரு முறை அல்ல, மூன்று முறை எழுதியிருந்தார். பொய் சொல்ல ஒரு துணைக்கால் போதும் என்று வளாகமே அறிந்திருந்தபோது, அது இல்லாமல் மூன்று முறை எழுதிய அந்தப் பிறவி யார்?

அணைந்த இணைப்புப் பெட்டியையும் மறந்து அவர் கூடத்தைவிட்டு விறுவிறுவென்று குழாயடிக்குத் திரும்பினார். மறுத்த சீட்டுகளை அனுப்புவதற்கு முன் பதிவேட்டில் குறித்துவைப்பது அவர் வழக்கம். பக்கங்களைப் புரட்டினார். பதினாறு நாள்களுக்கு முன் ஒன்று, பத்து நாள்களுக்கு முன் ஒன்று, சென்ற வெள்ளிக்கிழமை ஒன்று. மூன்றும் தாவரவியல் துறையிலிருந்து வந்தவை. மூன்றிலும் ‘வேர் படம், 40 ஜிபி’ என்றே இருந்தது. ‘வேர்’ என்று ஏதோ ஒரு புதுப் படம் வந்திருக்கிறது என்றுதான் அக்கா எண்ணியிருந்தார். நாற்பது ஜிபி அளவுக்கு ஒரே படத்தைக் கேட்கும் துணிச்சலைக் கண்டு அவருக்கு எரிச்சல் மூண்டது. மூன்றாவது சீட்டில் வெறும் மறுப்போடு நிறுத்தாமல், ‘திரையரங்கில் சென்று பார்க்கவும்’ என்றும் சிவப்பு மையால் எழுதியிருந்தார். அப்போது அது அவருக்கு நல்ல நகைச்சுவையாகத் தோன்றிற்று.

தாவரவியல் ஆய்வுக்கூடம் இரண்டாம் மாடியின் கோடியில் இருக்கிறது. அங்கே நுண்ணோக்கியோடு இணைத்த கணினியின் முன் ஒல்லியான ஓர் ஆய்வு மாணவி உட்கார்ந்திருந்தாள். திரையில் ஏற்றத்தின் அளவைக் காட்டும் பட்டை பதினோரு விழுக்காட்டில் நின்றது. மேசையில் பாதி நிரம்பிய அட்டைப்பெட்டி ஒன்றும், அதற்குள் அவளுடைய புத்தகங்களும் ஒரு தேநீர்க் கோப்பையும் இருந்தன.

அக்கா வாயிலிலேயே நின்றார். “வேர்னு சீட்டு எழுதினது நீங்களா?”

“ஆமா மேடம்.”

“அது படம் பேரு இல்லையா?”

அந்தப் பெண் இழுப்பறையைத் திறந்து, சிவப்பு மை எழுதிய சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு திரையில் ஒரு கோப்பைத் திறந்தாள். வட்டத்துக்குள் வட்டமாக, ஊதாவும் பச்சையுமாக, தேன்கூட்டை நெருக்கிப் பிடித்தாற்போல் ஓர் உருவம் விரிந்தது. மயிரிழையினும் மெல்லியதாகச் சீவப்பட்ட ஒரு தானியச் செடியின் வேர்.

“இதுதான் மேடம் படம்” என்றாள். “தியேட்டர்ல ஓடல.”

மேற்கொண்டு கேட்டறிந்ததில் முழுவதும் வெளியாயிற்று. நீரில்லாத நிலத்தில் வேர் எப்படி உருமாறுகிறது என்று அவள் பதினெட்டு மாதங்களாகச் சீவிச் சீவி எடுத்த ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள் அவை. வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்று மூன்றாண்டுப் பணி ஒன்றை அறிவித்திருந்தது. கடைசிச் சுற்றில் மூவர் மிஞ்சியிருந்தனர், அவளும் ஒருத்தி. படங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக, அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றி அனுப்ப வேண்டும். இங்கே அவளுடைய பணி அந்த மாத முடிவோடு தீர்கிறது. சீட்டு இல்லாமலே அனுப்ப அவள் பதினோரு முறை முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்தில் இணைப்பு அறுந்து, தொகுப்பு முதலிலிருந்து தொடங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் நகரத்துக்குப் போய் ஒரு கணினிக் கடையில் முயன்றாளாம். கால் பங்குகூட ஏறுவதற்குள் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டார். இனி ஆகாது என்று மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள்; அதனால்தான் அட்டைப்பெட்டி.

நேரில் வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று அக்கா கேட்டார். சீட்டில் இருந்த எழுத்தைப் பார்த்த பிறகு வரத் தோன்றவில்லை என்று அவள் சொன்னாள். அவளுடைய பேராசிரியரோ, துறைக்கு வரும் தாள்களைப் படிக்காமலே கையெழுத்திட்டுத் தள்ளுபவர்.

அப்போது மணி பத்தே முக்கால்.

அக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. மாணவிகள்மேல், பேராசிரியர்மேல், வாய் திறக்காத இந்தப் பெண்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் சிவப்புப் பேனாமேல். ஆனால் கோபப்பட நேரம் இல்லை. தொகுப்பு இருந்த வன்தட்டை எடுத்துக்கொண்டு இருவரும் குழாயடிக்கு ஓடினார்கள். வெளியிலிருந்து இறக்குவதற்குத்தான் வளாகத்தில் பெரிய வழி உண்டு. இங்கிருந்து ஏற்றுவதற்கான வழி அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்தச் சிறு வழி முழுவதையும் ஒரே கணினிக்குத் திருப்பினால் ஐந்து மணி நேரத்தில் முடியும் என்று அக்கா கணக்கிட்டார். வன்தட்டைத் தம் கணினியில் செருகினார். சரியாகப் பதினொரு மணிக்குப் பட்டை நகரத் தொடங்கியது.

விடுதியை அடைத்தார். நூலகத்தை அடைத்தார். துறைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். தொலைபேசி அலறத் தொடங்கியதும் எடுத்து, “பராமரிப்புப் பணி” என்று சொல்லி வைத்தார். நாலைந்து அழைப்புக்குப் பிறகு எடுத்த உடனேயே, கேட்பதற்கு முன்பே, “பராமரிப்பு” என்றார். அழைத்தவர் அவருடைய கணவர். மனைவி மதிய உணவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனதைச் சொல்ல அழைத்தாராம்.

எல்லாம் அடைத்த பின்னும் பட்டை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. எங்கோ ஒழுகுகிறது. அக்கா கண்ணாடியை மூக்குநுனிக்கு இழுத்துக்கொண்டு கோடுகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். குடியிருப்புப் பக்கம் ஒரே ஒரு வீட்டிலிருந்து, காலையிலிருந்தே விடாமல், கற்றையான ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது. எந்த வீடு என்று பார்த்தார். ஆறாம் எண்.

ஆறாம் எண் அவருடைய வீடு.

இறக்கும் பங்கைத்தான் அவர் தம் வீட்டுக்கு நறுக்கி வைத்திருந்தார். ஏற்றுவதைப் பற்றி இந்த வளாகத்தில் எவரும் முறையிட்டதே இல்லை. ஆகவே அதை அளக்க அவருக்கும் தோன்றவில்லை. கணவருடைய அக்கா காலையில் எழுந்ததும் மகனைக் காணொளியில் அழைத்து, கைப்பேசியை அடுக்களைச் சுவரில் சாய்த்துவிடுவார். அவர் காய் நறுக்குவார். மகன் அங்கே தன் வேலையைப் பார்ப்பான். பெரும்பாலும் இருவரும் பேசுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை இணைப்பு அறுந்தால் அவர் மறுபடி அழைத்துக்கொள்வார். கைப்பேசி மட்டும் மாலை வரை சுவரையும் கூரையையும் கடல் கடந்து காட்டிக்கொண்டிருக்கும்.

அக்கா ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு ஆறாம் எண்ணையும் அடைத்தார். பட்டை துள்ளி முன்னேறியது.

கால் மணி நேரத்தில் நாத்தனார் குழாயடியின் வாயிலில் நின்றார். அவருக்கு முன்பே அங்கே ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது: நூலகர், இயற்பியல் விரிவுரையாளர், விடுதிக் காப்பாளர், வேடிக்கை பார்க்க வந்த மாணவர்கள். அவர்களை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

“போன் செத்துப் போச்சு.”

“நான்தான் நிறுத்தினேன் அண்ணி.”

“பையன் சாப்பிட உக்காந்திருந்தான். வாயில வைக்கப் போறவன் அப்படியே உறைஞ்சு நிக்கிறான்.”

“அவனுக்கு முப்பத்திரண்டு வயசு அண்ணி. நீங்க பாக்கலேன்னாலும் சாப்பிடுவான்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாத்தனாரின் முகம் சிவந்தது. “ஊருக்கெல்லாம் தொறந்து விடுறவ, சொந்த வீட்டுல மட்டும் மூடுவியா?”

“இன்னைக்கு ஊருக்கும் மூடித்தான் இருக்கு. இவங்களையே கேளுங்க.”

நூலகரும் காப்பாளரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும் பார்த்தார். திரையின் முன் முதுகை நிமிர்த்தி, விரல்களைக் கோத்துக்கொண்டு, இமைக்காமல் அமர்ந்திருந்த பெண்ணின்மேல் அவர் பார்வை நின்றது. இவள் யார், இங்கே என்ன ஏறுகிறது என்று கேட்டார். அக்கா ஒளிவுமறைவின்றி, தம் சிவப்பு மை உட்பட, எல்லாவற்றையும் சொன்னார். கூட்டம் முழுவதும் கேட்டது. சொல்லச் சொல்ல விடுதிக் காப்பாளர் மெல்லப் பின்வாங்கிப் போய்விட்டார். துணைக்கால் விவகாரம் அவருக்கும் தெரிந்தே இருந்தது போலும்.

நாத்தனார் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து வாயிலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். அஞ்சு மணி வரை தமக்கும் வீட்டில் வேலை இல்லை என்றும், வந்து நச்சரிப்பவர்களிடம் தாம் பேசிக்கொள்வதாகவும் அறிவித்தார். அதில் பாசம் எவ்வளவு, எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். முணுமுணுப்பை அவர் ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. ஆனால் இயற்பியல் விரிவுரையாளர் அதற்குப் பிறகு அந்த நாற்காலியைத் தாண்டவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வன்தட்டுப் பெண் காலையிலிருந்து முதன்முறையாகத் தானாக வாய் திறந்தாள்.

“மேடம், அந்த ரெண்டு மணி நேரம்?”

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார். பதினொரு மணிக்குத் தொடங்கிய இணைப்பு. ஒரு மணியானதும், அவர் தம் கையால் எழுதிவைத்த விதி, யாருடைய இணைப்பு என்று பாராமல், இதையும் அறுத்துவிடும். ஏறிய அத்தனையும் போய், முதல் படத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பதினோரு முறை அறுபட்டவளுக்குத்தான் அது நினைவிருந்தது. விதியை வகுத்தவருக்கு இல்லை.

விதி வேறொரு கணினியில் இருந்தது. அதற்கொரு கடவுச்சொல். முதல் முறை தவறு. இரண்டாம் முறை அவசரத்தில் மீண்டும் தவறு. மூன்றாம் முறையும் தவறினால் கணினி கால் மணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கண்டிப்பையும் அக்காதான் அமைத்திருந்தார். அவர் கைகளை மடியில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, ஒவ்வோர் எழுத்தாக உதடசைத்துச் சொல்லிக்கொண்டே தட்டினார். கதவு திறந்தது. விதியை நீக்கியபோது ஒரு மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. ஒரு மணி அடித்தது. பட்டை நிற்காமல் ஏறிற்று.

இரண்டரை மணிக்கு முதல்வரே தொலைபேசியில் வந்தார். அயலூர்க் கல்லூரிகளின் முதல்வர்களோடு அவருக்குக் காணொளிக் கூட்டமாம். தம் முகம் அவர்களுக்குத் தெரியவில்லையாம். குரல் கேட்கிறதா என்று அக்கா விசாரித்தார். குரலுக்கு மட்டும் அவர் ஓர் இழை விட்டு வைத்திருந்தார். கேட்கிறது என்றார் முதல்வர்.

“குரல் போதும் சார். முகம் அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.”

இதற்கு நாளை எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று சொல்லி முதல்வர் வைத்துவிட்டார். வாயிலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் தலையைத் திருப்பாமலே, “நல்லாச் சொன்னே” என்றார். அந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது ஆண்டுகளில் அக்காவை அவர் பாராட்டியது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

நான்கு மணி நாற்பத்தொன்றில் பட்டை நிரம்பியது. ஆனாலும் எவரும் அசையவில்லை. வந்து சேர்ந்தது என்று மறுபக்கம் சொன்னால்தான் சேர்ந்ததாகும். இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். நான்கு நாற்பத்தெட்டுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது: ஆயிரத்து நூற்று நாற்பது படங்கள் பெறப்பட்டன. ஏழு வாரங்களுக்குப் பின் அந்தப் பணி அவளுக்கே கிடைத்தது. அப்போது இதே அறையில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசாதவர்கள் இல்லை. அன்றைக்கோ அறையில் ஒரு பெருமூச்சுதான் கேட்டது, அது நாத்தனாருடையது. இனி மகன் சாப்பிட்டானா என்று பார்க்கலாமா என்று அவர் கேட்டார்.

அந்தப் பெண் வன்தட்டைக் கழற்றி, கம்பியை விரல்களில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். நன்றி சொல்வாள் என்று அனைவரும் எதிர்பார்த்தார்கள். அக்காவும் எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர். அவள் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“பதினாறு நாள் முன்னாடி மொதல் சீட்டு போட்டேன் மேடம். அன்னைக்கே ஒரு போன் போட்டு, ‘என்ன படம்’னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

குழாயடியில் எந்தக் கேள்விக்கும் பதில் காத்திருக்கும். நூலகரும் விரிவுரையாளரும் அதற்காகவே அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். சொல்வதற்கு அவரிடம் நிறையவே இருந்தது: நாளொன்றுக்கு அறுபது சீட்டு, ஒரே ஆள், ஒரே குழாய், ஆறு மாதமாகப் பொய் சொல்லும் பிள்ளைகள், படிக்காமல் கையெழுத்திடும் பேராசிரியர்.

“கேட்டிருக்கலாம்” என்றார்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, நாத்தனார் நகர்த்திக்கொடுத்த நாற்காலிக்குப் பக்கமாக நுழைந்து வெளியே போனாள். அக்கா திரையின் பக்கம் திரும்பி, அடைத்த துறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடத் தொடங்கினார்.